வார்னிஷ் அடித்த ராக்கெட் மேடை

பொம்மை ராக்கெட் ஏவும் பழைய செட் ஒன்றை என் மச்சினன் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்குக் கப்பலில் அனுப்பியிருந்தான். அதற்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. மூன்று கால் மேடை, ராக்கெட் நேராக ஏறிப் போக ஒரு கம்பி, பேட்டரி போடும் மஞ்சள் பெட்டி, அதிலிருந்து நீளும் ஒயர் நுனியில் இரண்டு கிளிப். பெட்டியில் சாவியைப் போட்டதும் சின்ன பல்பு எரிய வேண்டும். எரிந்தால்தான் பட்டனை அமுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹேடோ குவார்ட்டர்ஸ் மைதானத்தில் எல்லாவற்றையும் பொருத்தி நிறுத்தினேன். ராக்கெட்டின் அடியில் இரண்டு கிளிப்பையும் மாட்டிச் சாவியைப் போட்டேன். பல்பு எரியவில்லை. பேட்டரியை மாற்றியும் எரியவில்லை. வந்த கோபத்தில் மச்சினனுக்குப் போன் போட்டு, ஓட்டை உடைசலை என் தலையில் கட்டிவிட்டாயா என்று கத்தித் தீர்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெங்காலிக்காரர் கிளிப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அரே பாய், இதுல வார்னிஷ் ஹை!"

அடித்தது நான்தான். இந்த உப்புக் காற்றில் இரும்பு எது வீட்டுக்கு வந்தாலும் முதல் வேலை அதற்கு வார்னிஷ் அடிப்பது. மேடைக்கு அடித்த கையோடு கிளிப்புக்கும் அடித்திருக்கிறேன். கரண்ட் எப்படிப் போகும்?

சுரண்டி எடுத்ததும் பல்பு எரிந்தது. பட்டனில் விரலை வைக்கப் போனேன். என் மனைவி சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முதல்ல என் தம்பிகிட்ட மன்னிப்பு கேளுங்க."

மைதானமே பார்த்துக்கொண்டிருக்க, போனில் கேட்டேன். அக்காவை நன்றாகத் தெரிந்தவன், சிரித்தான்.

"பரவால்ல அத்தான். அக்கா சாவிய குடுத்துட்டாளா?"