பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்

கோமதிநாயகத்துக்கு இடது காது போனது பிரஸ் ஷாப்பில். கம்பெனியில் வேறு மாதிரி சொல்வார்கள். நான் அவனுக்கு வீட்டுக்காரன், கூடவே இருந்து பார்த்தவன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வடக்குப்பட்டில் என் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். நாயகம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து 2008-ல் வந்தான். ஐடிஐ முடித்தவன். கார் கதவுக்கும் கூரைக்கும் தகடு அடிக்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். பெரிய பிரஸ் மெஷின் அவனுக்கு இடது கைப்பக்கம். வந்த நாள் முதல் அதே இடம்தான். மற்ற அறைகளில் நாலு பேர், ஐந்து பேர் என்று படுத்துக் கிடப்பார்கள். இவன் மட்டும் கடைசியில் இருந்த சின்ன அறையைத் தனியாக எடுத்துக்கொண்டான். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்பீக்கர் வைக்க இடம் வேண்டுமாம்.

குடிப்பதில்லை, சினிமாவுக்குப் போவதில்லை. ஓ.டி. பார்த்துச் சேர்ந்த காசில் ஒரு தீபாவளிக்கு இரண்டு ஸ்பீக்கர் வந்தது. அடுத்த பொங்கலுக்கு இன்னும் இரண்டு. அப்புறம் நடுவில் வைக்க ஒன்று, குமுறுகிற சத்தத்துக்குத் தனியாக ஒரு பெரிய பெட்டி. எல்லாம் ஏற்கெனவே யாரோ வைத்திருந்த பழசு. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பிளேயரும் ஒரு டிஸ்க்கும் வாங்கினான். டிஸ்க்கில் நாகஸ்வரக் கச்சேரி. யாரோ வெள்ளைக்காரன் மண்டபத்தைச் சுற்றி மைக் வைத்துப் பதிந்ததாம்.

"சென்னையில ஒரு கடையில கேட்டேன் அண்ணாச்சி. நாகஸ்வரம் முன்னால, தவில் பக்கத்துல, தாளம் பொறத்தால. நாம நடுவுல உக்காந்திருக்கோம். சுத்தி நின்னு நமக்குன்னே வாசிக்கான்."

"அப்போ போட்டுக் காட்டு தம்பி, நானும் கேக்கறேன்."

"இன்னும் ரிசீவர் வாங்கலியே. அது இல்லாம இதுல ஒண்ணும் சத்தம் போடாது."

ரிசீவர் என்பது பிளேயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைக்கிற பெட்டி. அதை வாங்கத்தான் அவனுக்கு இரண்டு வருஷம் ஆனது. காசு மட்டும் காரணமில்லை. அவனுடைய பிளேயரின் முதுகில் ஆறு ஓட்டை, ஆறு வயர். விலை குறைந்த புதுப் பெட்டிகளில் அந்த ஆறு ஓட்டையை எடுத்துவிட்டார்கள், ஒரே வயரில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். இவன் பிளேயரில் அந்த வயருக்கு வழி இல்லை. ஆறு ஓட்டை உள்ள புதுப் பெட்டி இவன் கைக்கு எட்டாது. ஆக, பழசில் நல்லதாக ஒன்று தேட வேண்டும். ஷிப்டு முடிந்து வந்து இதைப் பற்றியே பேசுவான். என் மனைவி காவேரி சிரிப்பாள்.

"பொண்ணு பாக்கறதுக்குக்கூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்க."

"பொண்ணு பேசும்லா அக்கா. இது வாங்கினாத்தான் பேசும்."

2013-ல் என் மகள் கங்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேத்திக்குக் கொலுசு வாங்கச் சென்னைக்குக் கிளம்பினேன். நாயகத்துக்கும் அன்று வார லீவு. பிளேயரையும் டிஸ்க்கையும் பெட்ஷீட்டில் சுற்றி, பையில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். கொலுசு வாங்கிய கையோடு ரிச்சி தெருவில் மாடியில் இருந்த ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நல்ல மாதிரி. பேத்தி போட்டோவை செல்போனில் காட்டினேன், "மூக்கு உங்க மூக்கு சார்" என்றார். சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்து நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார். நாயகம் அதில் உட்கார்ந்தான். முதல் பெட்டியை மாட்டி டிஸ்க்கை ஓடவிட்டார். உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது.

நாயகம் கையைத் தூக்கினான்.

"எல்லாம் சரியா இருக்கு. பொறத்தால இடது பக்கம் மட்டும் தாளம் வரல."

வயரை அழுத்திப் பார்த்தார்கள். வரவில்லை என்றான். அடுத்த பெட்டி. அதுவும் பழசு, ஆனால் பளபளவென்று இருந்தது. அதிலும் அதே இடம், அதே ஸ்பீக்கர். மூன்றாவதிலும் தலையை ஆட்டினான்.

"இன்னா சார், மூணு பெட்டியும் பேசி வெச்சிக்கினு ஒரே பக்கம் ஊமையாவுமா?" என்றார் கடைக்காரர்.

"நெசமாத்தான் சொல்லுதேன். தவில் லேசா வருது. தாளம் சுத்தமா இல்ல."

நான் அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். "எனக்குக் கேக்குதே தம்பி. ணிங் ணிங்னு நல்லா கேக்குது" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "சேரை அப்படியே பின்பக்கமா திருப்பிப் போட்டு உக்காரு சார்."

நாயகம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். முகம் மலர்ந்தது. "இப்ப கேக்கு! அந்த ஸ்பீக்கர்தான்! தாளம் கேக்கு அண்ணாச்சி!"

கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு மெதுவாக இடது பக்கம் கழுத்தைத் திருப்பி, முதலில் முன்பக்கத்து வலது ஸ்பீக்கராக இருந்ததைப் பார்த்தான். இப்போது அது அவனுக்குப் பின்னால் இடது பக்கம். கையை இடது காதருகே கொண்டுபோய் விரலைச் சொடுக்கினான். இன்னொரு தரம் சொடுக்கினான்.

கடைக்காரரே பெட்டியை நிறுத்திவிட்டார். "பெட்டில கோளாறு இல்ல தம்பி" என்றார். அதுவரை சார் என்று கூப்பிட்டவர்.

அந்த வாரமே காஞ்சிபுரத்தில் காது டாக்டரைப் பார்த்தான். நரம்பு செத்துவிட்டது, திரும்ப வராது என்றார். வலது காது இன்னும் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டுமானால் மெஷினிலிருந்து தள்ளிப் போ என்றார். நாயகம் வந்து சொன்னபோது அழவில்லை. "ஸ்டோர்ஸுக்கோ பேக்கிங்குக்கோ மாத்தச் சொல்லிக் கேக்கப் போறேன். ஒத்தக் காதாவது மிஞ்சட்டும்" என்றான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் வருஷா வருஷம் காது டெஸ்ட் உண்டு. ஒரு வேனில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்கள். 'கீ' என்று சத்தம் கேட்டால் கையிலிருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். கேட்காதவனுக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயம். அதனால் முதலில் போய் வந்தவன் வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்லிவிடுவான்: "கண்ணாடில நர்சம்மா தோளப் பாரு. அவங்க சத்தம் வுடும்போது தோள் அசையும். அசைஞ்சா அமுக்கு." எல்லாரும் அப்படித்தான் அமுக்கினார்கள். எல்லாரும் பாஸ். நாயகமும் தவறாமல் பாஸ்.

காதில் வைக்கிற அடைப்பான் கொடுப்பார்கள். வைத்தால் மேலே கிரேன் வருகிற மணி கேட்காது. அதனால் வெளியாட்கள் ஆடிட்டுக்கு வருகிற அன்று மட்டும் வைப்பார்கள்.

லேபர் கான்ட்ராக்டரின் மேனேஜர் ஜீவானந்தம். நாயகம் போய்க் கேட்டதற்கு அவர் சொன்னதை அவனே என்னிடம் நடித்துக் காட்டினான்.

"இன்னாபா நாயகம், போன டெஸ்ட்ல ரெண்டு காதும் ஏ ஒன்னு. நீயே அமுக்கிக்கீற. இப்போ காது போச்சுன்னா எங்க போச்சு?"

"மெஷின்லதான் சார். டெஸ்ட்டுல நான் நர்சம்மா தோளைப் பாத்து..."

"அப்போ ஏமாத்துனேன்ற. அத எழுதிக் குடேன்."

இரண்டு நாள் கழித்து ஜீவானந்தமும் சேஃப்டி ஆபீசர் ஒருவரும் பைக்கில் என் வீட்டுக்கு வந்தார்கள். நாயகம் ஷிப்டில் இருந்தான். நான் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். யார் சொன்னார்களோ, நேராகக் கடைசி அறை ஜன்னலுக்குப் போய் உள்ளே பார்த்தார்கள். சேஃப்டி ஆபீசர் செல்போனில் போட்டோ எடுத்தார்.

"எம்மா ஸ்பீக்கரு! தியேட்டரே வெச்சிக்கீறான்" என்றார் ஜீவானந்தம்.

"சார், அது பாடாது சார். நடுவுல வெக்கிற பெட்டி இன்னும் வாங்கவே இல்ல. ஒரு நாள்கூட அந்த ரூம்லேர்ந்து சத்தம் வந்ததில்ல. பக்கத்து ரூம் பசங்களக் கேளுங்க."

"அஞ்சாறு ஸ்பீக்கர ஒருத்தன் சும்மா பாக்கறதுக்கா வாங்கி வெச்சிக்கினு கீறான்?"

"ஆமா சார். பாத்துக்கினுதான் கீறான்."

சேஃப்டி ஆபீசர் சிரித்தார். பேத்தி கன்னத்தைத் தட்டி, "பாட்டனாரு நல்லா கத வுடறாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அளவுக்கு மீறிச் சத்தம் வைத்துப் பாட்டுக் கேட்டதால் காது கெட்டது, கம்பெனி பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். பிரஸ் ஷாப்பில் நிற்கிற உடம்பு இல்லை என்று வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஸ்டோர்ஸ் கிடையாது, பேக்கிங் கிடையாது. லேபர் ஆபீசுக்குப் போகலாம் என்றேன். கூட வேலை செய்கிறவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். தோளைப் பார்த்து அமுக்கினோம் என்று சொன்னால் அவர்கள் வேலையும் போகும். ஒருவனும் வரவில்லை. நாயகம் அவர்களைக் குறை சொல்லவில்லை.

ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தவன், கணக்கு முடித்துக் கொடுத்த காசை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனான். மத்தியானம் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"இன்னா தம்பி இது? ஊருக்குப் போற நேரத்துல?"

"கேட்டுக் கேட்டுக் காதைக் கெடுத்துக்கிட்டேம்னு முடிச்சிட்டாங்க அண்ணாச்சி. ஒரு நாளாவது கேக்க வேண்டாமா?"

கடையில் பளபளவென்று இருந்த அந்த இரண்டாவது பெட்டிதான். கடைக்காரர் புதுப் பெட்டி ஒன்றைக் காட்டினாராம். அதில் இடது பக்கத்தை மட்டும் தனியாகச் சத்தம் கூட்டிக்கொள்ளலாம். பிளேயரையும் மாற்ற வேண்டும் என்பது ஒரு பக்கம். "கூட்டி வச்சு என்ன செய்ய? செத்த காதுல கத்தவா?" என்றான்.

ஆறு வயரையும் மாட்டினான். காவேரியைக் கூப்பிட்டு, "பாப்பா தூங்குதா அக்கா? மெதுவாத்தான் வைப்பேன்" என்றான். வலது காதுக்கு வலிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன அளவுக்கே வைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். நான் வாசற்படியில் நின்றேன். நாகஸ்வரம் வந்தது, தவில் வந்தது. தாளம் பின்னாலிருந்து வந்தது. எல்லாம் ஏதோ பக்கத்து ஊர் கோயிலில் நடப்பதுபோல அவ்வளவு லேசாக இருந்தது. அவன் விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்.

டிஸ்க் ஓடி முடிந்தது. அவன் விரல் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போய் அவன் பக்கத்தில் நின்று, "எப்படிப்பா இருந்துது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து, கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, "என்ன கேட்டீய அண்ணாச்சி?" என்றான்.

நான் நின்றது அவனுடைய வலது பக்கம்.