ஐந்து-மூன்றாம் வீட்டின் பக்கத்து வீடு

படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன். புரட்டாசியில் விரத வீட்டுக்குக் கோழி போய்விடுமோ என்று பயம். அதனால் எந்த வீட்டுக்கு என்ன சாப்பாடு என்ற எக்செல் பட்டியலை, அவரவரே சரிபார்க்கும்படி, இணையப் பக்கத்தில் அட்டவணையாகப் போட்டேன்.

கோப்பை ஏற்றியதும் கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன. சமைக்கும் அக்கா எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு-மூணு வீடு எங்கடா? அஞ்சு மார்ச்னு இருக்கு. வீட்டுக்குப் பொறந்தநாளா?"

ஐந்தாம் மாடி மூன்றாம் வீட்டுக்கு '5-3' என்று போட்டால், எக்செல் அதைத் தேதியாக்கியிருந்தது. வீட்டு எண் பத்தியை 'டெக்ஸ்ட்', அதாவது வெறும் எழுத்து, என்று மாற்றி, எண்களை மறுபடி தட்டி ஏற்றினேன். உடனே ஐந்து-மூன்று வீட்டு ஆன்டி பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனில் அழைத்தார்.

"தம்பி, எனக்குச் சரியா இருக்கு. பக்கத்து வீட்டுக்கும் இந்த மாசம் சைவம்தான். நீ கோழின்னு போட்டிருக்க."

திருத்தினேன். திரையில் கோழி போய்ச் சைவம் வந்தது. அந்தப் பக்கத்தை நாலு தடவை திறந்து பார்த்தேன்.