ரம் ஊற்றாத கொட்டகை

1834-ல் அந்த வெர்மான்ட் மலையூரில் ரம் இல்லாமல் ஒரு கோழிக்கூடுகூட எழும்பாது. பிள்ளை பிறந்தால் ரம், பாதிரியார் வந்தால் ரம், பிணம் எடுத்தால் இரண்டு மடங்கு ரம். ஊர்ப் பசுக்களின் பாலில்கூட அந்த வாடை வரும் என்பார்கள். அதில் முக்கால்வாசி உண்மை.

லொவீசா ஹேட்சின் புருஷன் ஆரின், முந்தின ஜூன் மாதம் பக்கத்துப் பண்ணையில் கொட்டகைச் சட்டம் தூக்கி நிறுத்தப் போனான். எட்டுக் குவளை உள்ளே போன தெம்பில் உச்சி உத்திரத்தில் ஏறி ஆடினான். விழுந்தவன் எழவில்லை. லொவீசா அழவும் இல்லை. சாயங்காலம் மாடு கறந்தாள், மறுநாளும் கறந்தாள். அவளுக்கு உடம்பு முழுக்க மரத்துப்போன கால் மாதிரி இருந்தது.

குளிர்காலத்தில் மதுவிலக்குச் சங்கத்தார் சர்ச்சில் ஒரு காகிதத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். குடிக்க மாட்டேன், யாருக்கும் ஊற்றிக் கொடுக்கவும் மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. முன்பெஞ்சுக்காரி பேனாவை நீட்டினாள், லொவீசா கையெழுத்துப் போட்டாள். உப்பு ஜாடியை நீட்டியிருந்தாலும் அப்படியே வாங்கியிருப்பாள்.

அடுத்த வாரமே பனியின் கனத்தில் அவளுடைய கொட்டகை சரிந்தது. கொட்டகை இல்லாவிட்டால் மாட்டுக்குப் போடும் காய்ந்த புல் நனைந்துபோகும். அப்புறம் ஆறு பசுக்களையும் விற்றுவிட்டுப் பண்ணையை விட்டே போக வேண்டியதுதான்.

தச்சு மேஸ்திரி பர்பேங்க் புதுக் கொட்டகைக்கு நாலு பெரிய மரச்சட்டங்களைக் கோர்த்துத் தரையில் கிடத்தினார். அவற்றைத் தூக்கி நிறுத்த நாற்பது பேர் வேண்டும். ஜூன் கடைசியில் ஒரு காலையில் நாற்பது பேரும் வந்தார்கள். லொவீசா டோனட்டை மலைபோல் குவித்திருந்தாள். அதன்மேல் ஏறினால் கனடா தெரியும்.

“பீப்பா எங்கம்மா?” என்றார் மேஸ்திரி.

“பீப்பா இல்ல. காப்பி இருக்கு.”

“காப்பியா? காப்பி குடிச்சா கதை பேசத்தான் தோணும். உத்திரம் தூக்கத் தோணாதும்மா.”

நாற்பது பேரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். தொப்பைக்கார ஃபிஸ்க் வாய் திறந்தான். “லொவீசாம்மா, கையெழுத்துப் போட்டது உங்க கை. எங்க தொண்டை ஏன் காயணும்?”

“நீங்க ஒண்ணும் ஊத்த வேணாம். அந்த ஆப்பிள் மரத்தடியில பீப்பாய மறந்து வச்சிடுங்க. நாங்க தற்செயலாப் பாத்துக்கறோம்!” என்றான் இன்னொருவன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

“மறந்து வைக்க வாங்கவே இல்லையே” என்றாள் லொவீசா.

“பாதிரியாருக்குப் பயமா?” என்றான் ஃபிஸ்க்.

“பயமெல்லாம் இல்ல.”

“அப்ப ஆரின் நெனப்பா?”

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“தெரியல. ஊத்த மாட்டேன், அவ்வளவுதான்” என்றாள். கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. நாளை மழை வரும் என்று சொல்கிற குரல்.

ஃபிஸ்க் முதலில் எழுந்து போனான். பின்னாலேயே பாதிக் கூட்டத்துக்கு மேல் கிளம்பியது. போகிறபோது ஆளுக்கு நாலு டோனட்டைப் பையில் போட்டுக்கொள்ள மட்டும் யாரும் மறக்கவில்லை.

ஏமோஸ் த்ரால் என்ற பக்கத்து வீட்டுக்காரன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். “மேஸ்திரி, ஆரின் கையில அந்த எட்டாவது குவளையக் குடுத்தது நான்தான்” என்றான். “எனக்குக் காப்பியே போதும்.” எழுந்து, சட்டத்தை நெட்டித் தூக்கும் நீளக் கழியைக் கையில் எடுத்தான். அவனைப் பார்த்து இன்னும் பதினேழு பேர் எழுந்தார்கள்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “பதினெட்டுப் பேர வச்சு இதத் தூக்கினா, இது நம்மளத் தூக்கிடும். ஏம்மா, நாலு சட்டத்தையும் பாதி அகலத்துக்கு அறுத்துடவா? கொட்டகையும் பாதிதான் வரும்.”

“அறுங்க.”

அறுத்தார்கள், முனைகளை மறுபடி செதுக்கிக் கோர்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் நாலும் நின்றன. உச்சியில் ஒருவன் ஏறி ரம் புட்டியை உடைத்துக் கொட்டகைக்குப் பேர் வைப்பது ஊர் வழக்கம். அன்று யாரும் ஏறவில்லை.

“பேர் என்ன வைக்கலாம்?” என்றான் ஏமோஸ்.

“கொட்டகைன்னே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு லொவீசா காலிக் குவளைகளைப் பொறுக்கினாள்.

பாதிக் கொட்டகையில் பாதிப் புல்தான் அடங்கியது. அக்டோபரில் மூன்று பசுக்களை விற்றாள். மற்ற மூன்றும் பனி உருகும்வரை நனையாத புல்லைத் தின்றன.