தகட்டின் மேல் ஒரு பெருவிரல்

போன வருடம் சித்திரை மாதம். யாழ்ப்பாணத்து வெயில் அப்போது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உடுப்பிட்டியில் ஒரு வீட்டுக்குப் படம் எடுக்கப் போய்விட்டு, மத்தியானம் பஸ்ஸில் நல்லூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அக்காவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நல்லூரில் நான் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ நடத்துகிறேன். கலியாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, பாஸ்போட் படம் எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஆட்களின் முகத்தை ஆறுதலாக இருந்து எடுப்பது. அதற்கென்று ஒரு பெரிய கமரா வைத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணை பாவித்துவிட்டுத் தந்தது. மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற சதுரப் பெட்டி. அதன் பின்பக்கத்தைக் கழற்றி மாற்றலாம் என்பதுதான் விசேஷம். டிஜிட்டல் பெட்டியைப் பூட்டினால் எடுத்த படம் உடனே திரையில் தெரியும். அதைக் கழற்றிவிட்டு பிலிம் போட்ட பெட்டியைப் பூட்டினால் அதே லென்ஸ், அதே கமரா, அந்தக்காலத்து பிலிம் கமராவாக மாறிவிடும். பிலிம் அரைவாசியில் நிற்கும்போதே கழற்றி வைத்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெளிச்சம் உள்ளே போகாதபடி ஒரு மெல்லிய தகடு காவல் நிற்கும். அந்தத் தகட்டைச் செருகாமல் பெட்டியைக் கழற்றவே முடியாது. இதை யோசித்துச் செய்தவரின் மூளையை நினைத்து இப்போதும் நான் வியப்பதுண்டு.

அன்று நான் படம் எடுக்கப் போனது ஒரு ஆசிரியையை. நாற்பது வயதிருக்கும். புற்றுநோய். அடுத்த நாள் சிகிச்சை தொடங்க இருந்தது. மருந்து ஏற்றினால் தலைமயிர் கொட்டிவிடும் என்று சொல்லியிருந்தார்களாம். கொட்டும்வரை பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனமில்லை. முதலே வெட்டிவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். அதற்கு முன் ஒரு படம் வேண்டும்.

"வடிவா இருக்கவேணும் எண்டில்லை. என்னை மாதிரி இருந்தால் காணும்," என்று போனில் சொல்லியிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால், வாழைகளின் நிழலில் ஒரு கதிரையைப் போட்டு அவரை இருத்தினேன். கூந்தலை அவிழ்த்து விட்டார். கதிரையின் இருக்கையையும் தாண்டி விழுந்தது. டிஜிட்டல் பெட்டியைப் பூட்டி முதல் படத்துக்குத் தயாரானேன். திரை ஒருமுறை மின்னிவிட்டுக் கறுத்துப்போனது. பற்றரியை மாற்றினேன். நிழலில் வைத்து ஆறவிட்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"என்ன, கமராவும் என்னைப் பார்த்துப் பயந்திட்டுதோ?" என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அந்த நேரத்திலும் என்னைத் தேற்றியது அவர்தான்.

பையில் பிலிம் போட்ட பெட்டி இருந்தது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான் வரும். ஒவ்வொன்றாக நிதானித்து எடுத்தேன். ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தபோது, "போதும் தங்கச்சி," என்றார். பிறகு தன் தமக்கையைக் கூப்பிட்டார். தமக்கை கூந்தலைப் பின்னிக் கட்டி, கத்தரிக்கோலை எடுத்தார். நான் என்னையறியாமலே கமராவை உயர்த்தினேன்.

"உதை எடுக்கவேண்டாம்," என்றார் ஆசிரியை. நான் கமராவைத் தாழ்த்திவிட்டேன்.

வெட்டும்போது தமக்கைதான் அழுதார். ஆசிரியை அழவில்லை. எல்லாம் முடிந்ததும் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்து, "பாரமில்லாமல் கிடக்கு," என்றார். கீழே கிடந்த பின்னலை நான் பார்த்தேன். என் கையில் இருந்த பெட்டியைத் தவிர, அந்தத் தோற்றம் இனி வேறெங்கும் இல்லை.

பஸ்ஸில் யன்னல் கரையில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அக்கா. ஐம்பதை நெருங்கிய வயது, மடியில் பெரிய கைப்பை. வடமராட்சிப் பக்கம் ஒரு பகுதிக்கு மிட்வைஃபாக இருக்கிறாராம். அவருடைய பகுதிப் பிள்ளை ஒன்று முதல் பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நிற்கிறதாம்.

"பயந்துகொண்டு கிடக்கும். ஆக்களைப் பாக்க விடுற நேரத்துக்கு ஒருக்கால் முகத்தைக் காட்டிப்போட்டு வருவம் எண்டு போறன்," என்றார். பிறகு என் மடியைப் பார்த்து, "உது என்ன பிள்ளை, கமராவோ?" என்று கேட்டார்.

கமராவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் மூடாது. வல்லை வெளியில் பஸ் காற்றைக் கிழித்துக்கொண்டு போகையில் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினேன். டிஜிட்டல் பெட்டி, பிலிம் பெட்டி, எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது. தகட்டைத் தொட்டுக் காட்டி, "பெட்டி கழண்டு இருக்கேக்கை இதை இழுத்தால் எல்லாம் போச்சு அக்கா," என்றேன். ஊரையும் பெயரையும் சொல்லாமல், உள்ளே இருப்பது எப்படிப்பட்ட படம் என்பதையும் சொன்னேன்.

அவர், "படத்திலை இருக்கிற பிள்ளை சாப்பிடுறாவோ?" என்று மட்டும் கேட்டார்.

பிலிம் பெட்டியைக் கறுப்புத் துணியில் சுற்றி, எனக்கும் யன்னலுக்கும் இடையில் வைத்துவிட்டு மற்றவற்றை அடுக்கினேன். கதை வேறெங்கோ போய்விட்டது. திடீரென்று கொண்டக்டர், "கோயிலடி இறங்கிறாக்கள் வாங்கோ, வாங்கோ!" என்று கத்தினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக இறங்கினேன். அக்காவுக்குக் கை காட்டினேன். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பையைத் திறந்தேன். கமரா இருந்தது. பழுதாய்ப்போன டிஜிட்டல் பெட்டி இருந்தது. கறுப்புத் துணி இல்லை.

அந்த நிமிடத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. அந்த ஆசிரியையின் முகத்தில் எப்படி முழிப்பேன்? பையோடு தெருவுக்கு ஓடி, வந்த ஓட்டோவை மறித்து, "பஸ் ஸ்ராண்டுக்கு விடுங்கோ அண்ணை, கெதியா," என்றேன்.

பஸ் ஸ்ராண்டில் நான் வந்த பஸ் கதவு திறந்தபடி தனியே நின்றது. சனம் தூரத் தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன நடந்தது?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"பஸ்ஸுக்குள்ளை ஆரோ ஒரு இரும்புப் பெட்டியை வைச்சிட்டுப் போயிட்டாங்களாம். கறுப்புத் துணியிலை சுத்திக் கிடந்ததாம்."

"இப்ப எங்கை அது?"

"ஒரு மனுசி தூக்கிக்கொண்டு பொலிஸோடை போயிட்டுது."

பக்கத்திலேயே இருந்த பொலிஸ் காவலறைக்கு ஓடினேன். வாசலில் அந்தக் கொண்டக்டர் நின்றார். என்னைக் கண்டதும், "தங்கச்சி, உம்முடையதோ அது! ஊரையே கலக்கிப்போட்டீர்," என்று தொடங்கி, நடந்ததைச் சொன்னார்.

ஆட்கள் இறங்கிய பிறகு சீற்றுக்குக் கீழே அதைக் கண்டிருக்கிறார். துணியை விலக்கினால் கறுப்புப் பெட்டி, பக்கத்தில் முறுக்குகிற கைப்பிடி. எங்கள் ஊரில் அப்படி ஒன்றைக் கண்டால் என்ன நினைப்போம்? அவர் கத்திக்கொண்டு இறங்கியிருக்கிறார். பொலிஸ் வந்து எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னது. மேலிடத்துக்கு அறிவிக்கப் போனார்கள். மிட்வைஃப் அக்கா அதற்குள் இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்துவிட்டாராம். சனம் ஓடுவதைக் கண்டு திரும்பி வந்து, என்ன பெட்டி என்று விசாரித்திருக்கிறார்.

"நாங்கள் எல்லாரும் இஞ்சாலை ஓடுறம், அவ அங்காலை நடக்கிறா," என்றார் கொண்டக்டர். "'அது படம் எடுக்கிற சாமான், எனக்குத் தெரியும்' எண்டு சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குள்ளை ஏறி, குழந்தைப்பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தா."

நான் உள்ளே போனேன். அக்கா ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பெட்டி அவருடைய மடியில் இருந்தது. எதிரே ஒரு சார்ஜன்ட். அவர் கோபக்காரராகத் தெரியவில்லை. களைத்துப்போய், எழுத்துக் கூட்டி வாசிப்பது போன்ற தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, திறந்து பார்க்காமல் நான் எப்படி விடுறது?"

"திறந்தால் உள்ளுக்கை இருக்கிற படம் அழிஞ்சு போயிடும், சேர். அதைத் திருப்பி எடுக்க ஏலாது."

"யாருடைய படம்?"

"அதை நான் சொல்லக்கூடாது. படம் எடுத்த பிள்ளை வரும், அவவிட்டைக் கேளுங்கோ."

"வராவிட்டால்?"

"வரும். வருமட்டும் நான் இதை மடியிலை வைச்சிருக்கிறன். வெடிக்கிறதெண்டால் முதல் எனக்குத்தானே வெடிக்கும்? நீங்கள் தள்ளி இருங்கோ."

அப்போதுதான் அவர் என்னைக் கண்டார். "வந்திட்டீரோ?" என்றார். ஒரு கோபம் இல்லை, ஒரு குறை இல்லை. வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. அவருடைய வலது கைப் பெருவிரல் அந்தத் தகட்டின் விளிம்பை அழுத்திப் பிடித்தபடி இருந்தது. தகடு தவறியும் வெளியே நழுவிவிடக் கூடாது என்று, பஸ்ஸில் எடுத்த நேரத்திலிருந்து விரலை எடுக்கவே இல்லையாம். பெட்டியை நான் வாங்கியபோது அந்த விரலில் தகட்டின் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சார்ஜன்ட் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பிறகு பையிலிருந்து கமராவை எடுத்து, சார்ஜன்ட் முன்னால் பெட்டியைப் பூட்டிக் காட்டினேன். டக் என்று பொருந்தியது. மேலே இருக்கிற கண்ணாடியில் அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். தன்னுடைய மேசையும் சுவரும் இடம் வலம் மாறித் தெரிவதைக் கண்டு அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இப்போது படம் எடுக்குமா?" என்று கேட்டார்.

"ஒரு படம் மிச்சம் இருக்கு, சேர்."

"அப்ப எடுங்கள், பார்ப்போம்."

நான் யோசிக்கவே இல்லை. தகட்டை இழுத்து, வாங்கில் இருந்த அக்காவை எடுத்தேன். "அய்யோ, வேர்த்து வடிஞ்சு கிடக்கு, என்னை ஏன் எடுக்கிறீர்," என்று அவர் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அந்த நொடியில் அழுத்தினேன். தகட்டைச் செருகினேன். ரோல் முடிந்தது.

என் விவரங்களைப் பதிந்துகொண்டு எங்களைப் போகவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கையில் அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். "பாக்கிற நேரம் முடியப்போகுது, அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும்," என்று சொல்லிக்கொண்டே போனார். பெயர்கூடக் கேட்க முடியவில்லை.

பிலிமைக் கழுவியபோது படங்கள் எல்லாம் கீறல் இல்லாமல் வந்திருந்தன. ஆசிரியை கூந்தலோடு சிரிக்காமல் நேரே பார்க்கிற ஒரு படம் இருக்கிறது. இவ்வளவு வருடத்தில் நான் எடுத்த நல்ல படம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சிகிச்சையின் நடுவில் ஒருநாள் அவரிடம் படங்களைக் கொண்டுபோனேன். தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசிப் படத்தில் நின்றார்.

"இது ஆர்?"

சொன்னேன். கேட்டுவிட்டுக் கனநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவவுக்கு என்னைத் தெரியாது, என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். "இதிலையும் எனக்கு ஒண்டு போட்டுத் தாரும்."

பிறகு வடமராட்சியில் இரண்டு மூன்று கிளினிக்குகளில் விசாரித்து மிட்வைஃப் அக்காவையும் கண்டுபிடித்தேன். அவருடைய படத்தைக் கொடுத்தேன். "கிழவி மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிச் சிரித்தார். ஆசிரியையின் படத்தையும் வேண்டுமானால் காட்டுகிறேன், அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "படத்தை விடும். ஆள் எப்பிடி இருக்கிறா? சாப்பிடுறாவோ?" என்று கேட்டார்.

ஆசிரியை இப்போது திரும்பவும் பள்ளிக்கூடம் போகிறார். தலைமயிர் காதுவரை வளர்ந்து, முன்பில்லாத சுருளோடு நிற்கிறது. நானோ, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பாடுகளைச் சொல்லத் தொடங்கினால் முன்பு போல யன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. ஒருத்தி சொன்னதைச் சும்மா காதில் வாங்காமல், அதைத் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டு, எல்லோரும் விலகி ஓடிய இடத்துக்கு நடந்து போன ஒரு மனுசியை என் கண்ணால் கண்டிருக்கிறேன். சனங்கள்மீது எனக்குச் சலிப்பு வருகிற நாட்களில் அந்த ஒரு நினைவே போதுமாக இருக்கிறது.