கோமதி கரையேறிய கதை

விமலாராணிக்கு நாற்பத்திநாலு வயது. சரவணம்பட்டி ஐடி பார்க் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மதுக்கரையிலிருந்து போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். நாலிலும் கையில் புத்தகம் இருக்கும், நின்றுகொண்டே படிப்பாள். சும்மா உட்காரத் தெரியாத பிறவி.

இந்தக் கிறுக்கை ஏற்றிவிட்டது அப்பா சத்தியசீலன். சிமெண்ட் மில்லில் மூட்டை தூக்கியவர். எண் தெரியும், எழுத்து தெரியாது. ஆபீசர் வீட்டம்மா படித்துப் போட்ட வாரப் பத்திரிகைகளிலிருந்து ஒரு தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்தார். கோணி ஊசியால் தைத்து, சிமெண்ட் பைத் தாளில் அட்டை போட்டு, மகளுக்குப் பத்து வயதானபோது கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தார். மற்ற வீடுகளில் புதுப் பாவாடை வந்தது. இவளுக்குக் கோமதி வந்தாள்.

கதையின் நடுவில் கோமதி ஆற்றில் இறங்குகிறாள். தண்ணீர் தலைக்கு மேல் போகிறது. அடுத்த அத்தியாயத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். யார் கரையேற்றினார்கள் என்று ஒரு வரி கிடையாது. அந்த இடத்தை விமலாவே நூறு விதமாகக் கட்டிக்கொண்டாள். ஒரு நாள் மீன்காரன் இழுத்துப் போடுவான். ஒரு நாள் கோமதியே நீந்தி வருவாள். இருபத்தொன்பதில் புருஷன் செத்து, ரெண்டு வயதுப் பிள்ளையோடு நின்றபோது, ஜெபத்தைவிட அதுதான் கைகொடுத்தது. ஆற்றில் இறங்கினவளே கரையேறிவிட்டாள், நமக்கென்ன.

போன ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டானதும், மகள் ஜெனிஷா தையல் விட்டுப் பொடியும் அந்தப் பக்கங்களை செல்போனில் போட்டோ எடுத்தாள். ஆற்று அத்தியாயத்தின் அடியில் ஒட்டியிருந்த தாள் துண்டு உரிந்து வந்தது.

“அம்மா, இங்க முற்றும்னு போட்டிருக்குதுங்க.”

“எங்க?”

“கோமதி முழுகற எடத்துல. கதையே இதோட முடியுது. தாத்தா படிக்கத் தெரியாம மாத்தித் தைச்சுப்போட்டாரு.”

விமலா பக்கத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். தெரியாமல் தைத்தவர் அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் எதற்குத் தாள் ஒட்டினார்? ஹாலுக்கும் சமையல்கட்டுக்குமாக நாலு நடை நடந்தாள். பிறகு கட்டிலில் படுத்திருந்த அப்பாவிடம் போய் நீட்டினாள்.

“இதை ஏனுங்கப்பா ஒட்டுனீங்க?”

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

“கடைசிப் புக்கு குடுக்கறப்பவே அந்த ஆபீசர் வீட்டம்மா சொல்லிப்போட்டாங்க, அந்தப் புள்ள செத்துப்போச்சுன்னு. அடியில இருக்கற எழுத்து என்னன்னும் கேட்டுக்கிட்டேன். பத்து வயசுப் புள்ளைக்குப் பொணத்தையா குடுப்பேன்? அத்தியாய நம்பரையெல்லாம் நறுக்கிப்போட்டு அந்தக் கடைசியை நடுவுல சொருகுனேன்.”

“எங்கூட்டுக்காரரு போனப்பவாச்சும் சொல்லியிருக்கலாமல்லங்க. செத்தவளப் புடிச்சுக்கிட்டு நின்னுருக்கறேன் நானு.”

“நின்னீல்ல கண்ணு.”

“அதைக் கேக்கலீங்க.”

ஜெனிஷா தயங்கினாள். “பழையபடியே நடுவுல வெச்சரட்டுங்களா?”

“வேண்டாம். கடைசில வை.”

சத்தியசீலன் காலால் செருப்பைத் தேடினார். “நான் கடைவீதி வரைக்கும் போயிட்டு வாரேன்.”

“உக்காருங்கப்பா. நீங்களும் கேளுங்க.”

விமலா நின்றபடியே அந்த அத்தியாயத்தை உரக்கப் படித்தாள். தண்ணீர் கோமதியின் தலைக்கு மேல் போனது. முற்றும் என்பதையும் சேர்த்தே படித்தாள்.

“அவ்வளவுதானா கண்ணு?”

“அவ்வளவுதானுங்க.”

தாளைத் திருப்பினாள். பின்பக்கம் பாதி வெட்டுப்பட்ட கூந்தல் தைல விளம்பரம். அதையும் விடாமல் படித்துப் பார்த்தாள்.