இருட்டைப் பார்க்கிற குழாய்

இருட்டில் நெல் வெள்ளை நிறம். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. பயிராக நிற்கும்போது பச்சை, அறுக்கும்போது மஞ்சள், பொழுதுபட்டால் கறுப்பு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் செய்த குழாய்க்குள்ளால் பாருங்கோ, வயல் முழுக்கப் பாலை ஊற்றி விட்ட மாதிரி இருக்கும். வேப்பமரத்து இலையெல்லாம் வெள்ளை. குளக்கட்டு சாம்பல். வானம் மட்டும் கறுப்பு. அந்த வெள்ளைக்குள்ளே ஒரு முயல் சத்தமே இல்லாமல் நடக்கும், நின்று பார்க்கும், கண் இரண்டும் மின்னும். முதல்முதலாக அதைப் பார்த்த பின்னேரம் அடுப்பில் சோறு வைத்ததையே மறந்துபோனேன். பானை அடிப்பிடித்து வீட்டு வளவெல்லாம் மணந்தது. நான் அசையவில்லை.

மல்லாவிச் சந்தைக்குக் கிட்ட எனக்கு ஒரு போன் திருத்துகிற கடை இருக்கிறது. பொம்பிளை கை வைத்தால் போன் உருப்படுமோ என்று கேட்டவர்கள் எல்லாரும் இப்போது அந்தக் கடை வாசலில்தான் நிற்கிறார்கள். அது வேறு கதை. எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் பழைய கமரா ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வான் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது பார்க்கிற கமரா. அவரிடம் பன்றி சுட அனுமதி எடுத்த துவக்கு ஒன்று இருக்கிறது. கமராவை இருட்டில் தெரிகிற மாதிரிச் செய்து அந்தத் துவக்கில் பூட்டித் தர ஏலுமோ என்று கேட்டார். வெளிநாட்டுக்காரன் ஒருவன் செய்ததைப் போனில் பார்த்தாராம். போனில் பார்க்கிறதை எல்லாம் செய்ய வெளிக்கிட்டால் நாங்கள் இப்போது சந்திரனில்தான் நெல் விதைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கமராவை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அண்ணை கேட்டது துவக்குக்கு. எனக்கு அந்த நேரம் மனதில் வந்தது என் மனிசனின் காது.

கடைசிச் சண்டைக்குள்ளே பக்கத்தில் விழுந்த செல் குண்டு ஒன்று இவரின் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. வெளிச்சத்தில் என்றால் பிழையில்லை. என் வாயைப் பார்த்தே முழுக்க விளங்கிக்கொள்வார், நான் வாய்க்குள்ளே முணுமுணுக்கிற ஏச்சையும் சேர்த்து. இருட்டினால் அவர் ஒரு பக்கம், உலகம் ஒரு பக்கம். அப்படிப்பட்ட மனிசன்தான் காலபோகத்தில் கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் பொழுதுபட முதல் யானைக் காவலுக்கு வயல் குடிலுக்குப் போய்விடுவார்.

எங்கள் குளத்துக்குக் கீழே காவலுக்கு ஒரு முறை இருக்கிறது. யானையை முதலில் காண்கிறவர் கூ என்று நீட்டிக் கூக்காட்ட வேண்டும். மற்றக் குடில்காரர் ஒவ்வொருவராகத் திருப்பிக் கூக்காட்டுவார்கள். எந்தக் குடிலில் இருந்து சத்தம் வரவில்லையோ, அதற்குக் கிட்ட இருக்கிறவர் இறங்கிப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். நித்திரையோ, பாம்பு தீண்டியதோ, யானை மிதித்ததோ, போனால்தானே தெரியும். அந்தப் பள்ளத்தில் போனுக்குச் சிக்னலும் இல்லை. இவரின் குடிலில் இருந்து ஒரு நாளும் சத்தம் வராது, ஏனென்றால் கூக்காட்டியது இவருக்குக் கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் அண்ணைதான் இருட்டுக்குள்ளே வரம்பால் ஓடி வந்து, இவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்.

போன போகம் யானை குடிலுக்கே வந்துவிட்டது. எல்லாக் குடிலும் கத்தியிருக்கிறது. இவர் யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். குடிலின் ஒரு காலை முறித்துவிட்டு, என்ன நினைத்ததோ, அது தன் பாட்டில் போய்விட்டது. அதற்குப் பிறகு வயல்காரர் கூடி, நீங்கள் வீட்டில் இருங்கோ, உங்கள் பங்கையும் நாங்கள் பார்க்கிறோம் என்று பக்குவமாகச் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். இவர் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர், அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. இந்தப் போகம் கதிர் வந்ததும் குடிலுக்குப் புதுக் கால் நட்டார். நான் அழுதும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். ஏச்சு நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டால் அவருக்கு ஒன்றும் கேட்காது, அந்த வசதி அவருக்கு உண்டு.

இவர் போவார். யானை வரும். இவருக்குக் கேட்காது. எனக்கு நித்திரை போனது இதாலேதான்.

கடையில் செத்துக் கிடந்த காவல் கமராக்களைக் கழற்றி, அவற்றின் இருட்டு விளக்குகளை எடுத்தேன். அந்த விளக்கின் வெளிச்சம் எங்கள் கண்ணுக்குப் படாது, கமராவின் கண்ணுக்குப் படும். வான் வண்டியில் இருந்து கழற்றிய சின்னத் திரை ஒன்று, மோட்டார் சைக்கிள் பட்டரி ஒன்று, தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று. எல்லாவற்றையும் குழாய்க்குள் வைத்துக் கட்டினேன். முதல் நாள் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரிந்தது. வான் கமரா அப்படித்தான், கண்ணாடி மாதிரிக் காட்டும். இவர் திரையைப் பார்த்துக்கொண்டு முருங்கைக்காய் பிடுங்கப் போய் வேலிக்குள் கையை விட்டார். கமராவின் வாலில் இருந்த சின்ன வயர் வளையத்தை வெட்டினேன், சரியாகிவிட்டது.

பிறகு சில பின்னேரங்கள் வளவுக்குள்ளேயே சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது கருகியதும் இரண்டு பேரும் கிணற்றடியில் இருந்து, குழாயை மாறி மாறிப் பிடிப்போம். கொடியில் காய்ந்த, இவர் உடுக்கிற கறுப்புச் சாரம் வெள்ளையாகத் தெரிந்தது. பூனை இரண்டு வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது. இவர் போய் வேலியடியில் நின்றார். சுருக்கமெல்லாம் போய், நரையும் தெரியாமல், கலியாணம் கட்டிய காலத்து முகம் திரைக்குள்ளே நின்றது. அதற்குள் சத்தம் இல்லை. இவர் இத்தனை வருசமாக இப்படியொரு இடத்தில்தானே இருக்கிறார் என்று அப்போதுதான் நினைத்தேன். வடிவாகத்தான் இருந்தது அந்த இடம். எனக்கும் அதற்குள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருக்க ஆசையாக இருந்தது.

அண்ணை விடவில்லை, துவக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வளவின் அந்தக் கடைசித் தொங்கலில் இவரைக் குந்தி இருக்கச் சொல்லிவிட்டு, அண்ணையைத் திரையில் பார்க்கச் சொன்னேன். பன்றி என்றார். வடிவாகப் பாருங்கோ அண்ணை, அது உங்கள் தம்பி என்றேன். துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

வயலில் முதல் நாள் நானும் கூடப் போனேன். பொழுதுபட்டுக் கொஞ்ச நேரம்தான். குளத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. குடிலுக்குள்ளே திரையின் சாம்பல் வெளிச்சத்தில் இவரின் மூக்கு மட்டும் தெரிந்தது. வெளியே வெள்ளை வயல் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. ஒரு நரி வரம்பால் போனது. வாய்க்காலில் நின்ற கொக்கு ஒன்று கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது. ஏதோ கனவை இரண்டு பேரும் ஒன்றாக இருந்து காண்கிற மாதிரி இருந்தது. இவரின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தேன்.

இவர்தான் முதலில் கண்டார். காட்டுக் கரையில் ஒரு துண்டு இருட்டு கழன்று வெள்ளைக்குள்ளே இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. எனக்கு இரண்டு காதும் நல்லாகக் கேட்கும், எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் குழாயை என் கையில் தந்துவிட்டு எழும்பி நின்று கூக்காட்டினார். தன் சத்தம் தனக்கே கேட்காத மனிசனின் கூ, கரகரவென்று, எங்கேயோ தொடங்கி எங்கேயோ முடிந்தது. கொஞ்ச நேரம் வயல் திகைத்து நின்றது. பிறகு குளக்கட்டுப் பக்கக் குடில் திருப்பிக் கூக்காட்டியது. பிறகு மதகுப் பக்கம், பிறகு அதற்கும் அங்காலே. ஒவ்வொன்றுக்கும் நான் அவரின் கையை அமத்தினேன். அவர் சிரிப்பது திரை வெளிச்சத்தில் தெரிந்தது. அண்ணையின் குடிலில் இருந்து மட்டும் சத்தம் வரவில்லை.

அண்ணையின் குடில் பக்கம் காட்டிக் கையை விரித்தேன். இவர் உடனே இறங்கத் தொடங்கினார். சேட்டின் நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"அவர் எத்தினை தரம் எனக்காக ஓடி வந்தவர்," என்றார். "இண்டைக்கு என்ரை முறை."

யானை நிற்கும்போது வெளிச்சம் கொண்டு நடக்க மாட்டார்கள், வெளிச்சத்துக்கு அது திரும்பும். கையில் இருந்த ரோச் லைட்டை என் மடியில் போட்டுவிட்டு வரம்பால் நடந்துபோனார். குழாயும் என்னிடம்தான். அவருக்கென்று செய்த கண்ணை நான் வைத்துக்கொண்டிருக்க, அவர் காதும் இல்லாமல் கண்ணும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

திரையைத் திருப்பினேன். அண்ணை தன் குடிலுக்கு இங்காலே வரம்பில் குப்புறக் கிடந்தார். ஒரு கை தலையில் இருந்தது. அந்தக் கை அசைந்ததைக் கண்டு ஒரு மூச்சு விட்டேன். பிறகு யானையைத் தேடினேன். அது மேய்வதை விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் ஏறியிருந்தது. இவரும் அந்தக் கரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைக்குள்ளே ஒரு சின்ன மனிசன், அவருக்கு முன்னால் கரை முழுக்க யானை. இரண்டு பேரும் மெதுவாக, ஒருவருக்கு ஒருவர் சொல்லி வைத்தமாதிரி நடந்து வந்தார்கள். பார்க்க அத்தனை அமைதியாக இருந்தது.

எழும்பிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தேன், அந்த மனிசனுக்குக் கேட்காது என்பதே எனக்கு மறந்துபோனது. அவர் நடந்துகொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் மடியில் இருந்து விழுந்த ரோச் காலில் தட்டுப்பட்டது. அவரின் காலடிக்கு முன்னால் வெளிச்சத்தை அடித்தேன். அணைத்தேன், அடித்தேன், அணைத்தேன். தன் நிழல் முன்னால் விழுந்து விழுந்து எழும்புவதைக் கண்டு நின்றார். திரும்பினார். வெளிச்சத்தை நிலத்தில் குத்தினேன். விளங்கிவிட்டது. அப்படியே நெல்லுக்குள்ளே படுத்துவிட்டார்.

யானை கரையில் நின்று என் பக்கம் பார்த்தது. மதகுப் பக்கக் குடில்காரர் யானை வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். அது அவசரப்படவில்லை. இரண்டு பிடி நெல்லைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு, வந்த வழியே காட்டுக்குள் ஏறிப் போனது.

நான் ஓடிப்போய்ச் சேரும்போது இரண்டு ஆம்பிளைகளும் சேறும் சுரியுமாக வரம்பில் குந்திக்கொண்டிருந்தார்கள். யானைக்குப் பயந்து படுத்தீர்களோ என்று அண்ணையைக் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். இவரின் கூவைக் கேட்டு வரம்பில் இறங்கியிருக்கிறார். எங்கள் குடிலில் ஒரு சிவப்புப் பொட்டு மங்கலாக எரிந்து, அப்படியே அசைந்து வந்து அவரில் நின்றதாம், இவர் குழாயை என் கையில் தந்த நேரமாக இருக்கும். என் இருட்டு விளக்கு கண்ணுக்குப் படாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேருக்கு நேர் பார்த்தால் அது கொஞ்சம் சிவக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது வேறு வகை போட்டிருக்கிறேன்.

"அது உம்மடை சாமான் எண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி," என்றார் அண்ணை. "இந்த உடம்புக்குத்தான் தெரியேல்லை. அது தன்ரை பாட்டிலை விழுந்து படுத்திட்டுது."

இருட்டில் துவக்குக்குத் தப்பிப் பழகிய அந்த உடம்பு இந்த மண்ணில் எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. இவர் விளங்காமல் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணை ரோச்சை வாங்கித் தன் வாய்க்கு நேரே பிடித்து, ஒவ்வொரு சொல்லாக அவருக்குச் சொன்னார். சிவப்புப் பொட்டைச் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, இவா உன்ரை பேரைச் சொல்லிக் கத்தினவா, குளம் முழுக்கக் கேட்டது என்றார்.

எனக்குக் கன்னம் சுட்டது. கலியாணம் கட்டிய நாளில் இருந்து இஞ்சாருங்கோ என்பதைத் தவிர நான் அவரை வேறொன்றும் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் மனிசனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை, காது கேட்ட காலத்திலும் நான் சொன்னதில்லை. அன்றைக்கு நாலு திசையில் இருந்த குடிலுக்கும் கேட்டிருக்கிறது. அவர் ஒருவருக்குத்தான் கேட்கவில்லை.

இவர் அண்ணையின் கையில் இருந்து ரோச்சை வாங்கி என் முகத்துக்குப் பிடித்தார்.

"சொல்லும்," என்றார்.

அண்ணை எழும்பி, சாரத்தை உதறிக்கொண்டு தன் குடிலுக்கு நடந்தார். நான் சத்தம் வைக்கவில்லை, உதட்டால் மட்டும் அவரின் பேரைச் சொன்னேன். கடைசி எழுத்தில் என் வாய் மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். ரோச்சை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

"இன்னொருக்கா," என்றார்.