ஸ்டாஃப் டிக்கெட் தாய்மாமன்

“பஸ்ஸா? நான் பஸ்ஸு ஏறுற ஆளாலே? நீங்க இங்கன இருந்து தேனிக்குப் போயி ஒரு மூட உரம் வாங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள, நான் மெட்ராஸுல இருந்து வந்து இதே பெஞ்சுல உக்காந்துருப்பேன். பிளைட்டு எனக்கு வீட்டு வண்டி மாதிரி. என்னைய விட்டுட்டுக் கெளம்பாது.”

கடமலைக்குண்டு டீக்கடையில் தங்கப்பாண்டி இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது, கேட்ட நால்வரில் மூவர் வாய் பிளந்தார்கள். நான்காமவரான பிச்சைமணி மட்டும், “உரத்துக்கு வரிசை நிக்கணுமேப்பா, அந்த நேரத்தையும் சேத்துத்தான் சொல்றியா?” என்று கேட்டார். இப்படிப்பட்ட சில்லறைக் கேள்விகளுக்கு வரலாறு பதில் சொல்வதில்லை. தங்கப்பாண்டியும் சொல்லவில்லை.

சென்னை விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனியின் கவுண்டரில் அவனுக்கு வேலை. பெட்டியை எடை போட வேண்டும், கைப்பிடியில் வால் போல ஒரு சீட்டு ஒட்ட வேண்டும், போர்டிங் பாஸ் அடித்துக் கொடுத்துச் சிரிக்க வேண்டும். பதினோரு வருடமாகச் சிரிக்கிறான். ஊரையெல்லாம் வானத்துக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இந்த உத்தியோகத்தை ஊரில் எல்லாரும் ‘பிளைட்டுல வேலை’ என்றார்கள். அவன் திருத்தவில்லை.

கம்பெனி அவனுக்கு அளித்த மாபெரும் சலுகை ஸ்டாஃப் டிக்கெட். கட்டணம் சொற்பம். நிபந்தனை ஒன்றே ஒன்று: முழுக்காசு கொடுத்தவர்கள் ஏறிய பிறகு இடம் மீந்தால் ஏறலாம். பந்தி முடியும்வரை கை கழுவாமல் ஓரமாக நிற்கிற ஆளுக்கு இருக்கும் அதே அந்தஸ்து. இதுவரை பதினான்கு முறை ஊருக்கு வந்திருக்கிறான். இடம் மீந்தது நான்கு முறை. மற்ற பத்து முறையும் தேனி வரை பேருந்தில் வந்து, அங்கே வாடகைக் கார் பிடித்து, சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்த பழைய விமானச் சீட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். தங்கை நாகஜோதியின் மகள் ஓவியா, மூன்று வயது, ஓடி வந்து முதலில் அந்த வாலைத்தான் பிடித்து இழுப்பாள். “மாமா பிளேனு” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் கார்க்காரன் கேட்ட வாடகையைப் பேரம் பேசாமல் கொடுத்தான்.

அந்த ஓவியாவுக்குத்தான் ஆவணி ஞாயிறு பகல் பதினொரு மணிக்குக் காதுகுத்து. மடி தங்கப்பாண்டியுடையது, தோடும் தாய்மாமன் சீர். அவனுடைய அம்மா கஸ்தூரியம்மாள் போனில் கெஞ்சினாள்.

“ஏய்யா, முந்தின நாளே பஸ்ஸுல வந்துருய்யா.”

“நாலு பேரு சிரிக்கவாம்மா? ஏழு மணி பிளைட்டு. எட்டேகாலுக்கு மதுர, பத்தே முக்காலுக்கு வீட்ல இருப்பேன்.”

அன்று காலை கவுண்டரில் ஆள் குறைவு. மேற்பார்வையாளன் திலீபன் அவனை உட்காரச் சொன்னான். “அண்ணே, எழுபத்திரண்டு சீட்டு. எழுபத்தொண்ணு வந்தாச்சு. ஒரே ஒரு ஆளு பாக்கி. ஆறு மணி வரைக்கும் வரலைன்னா அந்த சீட்டு உங்களுக்குத்தான்.”

வராத அந்த ஆளின் பெயர் திரையில் வீரபாண்டி என்று இருந்தது. தேனி மாவட்டத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமா என்று தங்கப்பாண்டி மனத்தைத் தேற்றிக்கொண்டான். முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்கு வழியில் டயர் பஞ்சராக வேண்டும் என்று குலசாமியிடம் மரியாதையாக விண்ணப்பம் வைத்தான்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு, சாக்கில் கட்டிய எவர்சில்வர் அண்டாவைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு, சென்னைப் பாடியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவனுடைய சித்தப்பா மகன் வீரபாண்டியே வந்து சேர்ந்தான்.

“ஏலே, இப்பத்தான் வர்றதா?”

“நீ இருக்கேலண்ணே! அதான் வெளிய நிதானமா ஒரு டீயப் போட்டுட்டு வர்றேன். எத்தன வருசமா பிளைட்டுல வா, பிளைட்டுல வான்னு உசுர எடுத்த? இந்தா வந்துட்டேன். வா, சேந்தே போவோம்.”

அந்தத் தொழிலில் ‘சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது’ என்றொரு வாக்கியம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத் திரையை முறைத்தால் போதும். இரண்டு நிமிடம் தானாகக் கரைந்துவிடும். பிறகு கவுண்டர் மூடிவிடும், சட்டமும் அவன் பக்கம் நிற்கும். தங்கப்பாண்டி கடிகாரத்தைப் பார்த்தான். அண்டாவைப் பார்த்தான். சாக்கு விலகிய இடத்தில் ‘ஓவியா காதணி விழா’ என்று பெயர் வெட்டியிருந்தது.

அண்டாவை எடை போட்டு, வால் ஒட்டினான். போர்டிங் பாஸ் அடித்தான். பழக்கதோஷத்தில் சிரித்தும் வைத்தான்.

“நீ வரலையாண்ணே?”

“வேல இருக்குலே. பின்னாலயே வர்றேன்.” சட்டைப்பையிலிருந்து சின்ன நகைப்பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தான். “தோடு. பதினோரு மணிக்குள்ள நாகஜோதி கையில குடுத்துரு.”

அடுத்த இரண்டு விமானங்களிலும் ஒரு இடம்கூட மீதமில்லை என்று திலீபன் பார்த்துச் சொன்னான். தங்கப்பாண்டி கிளாம்பாக்கம் போய்ப் பேருந்து ஏறினான். பதினொரு மணிக்கு வண்டி விழுப்புரம் தாண்டி ஒரு ஓட்டல் முன்னால் நின்றது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவன் மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

தேனியில் இறங்கியபோது வாடகைக் கார்க்காரன் கையசைத்தான். தங்கப்பாண்டி அவனைக் கடந்து போய்க் கடமலைக்குண்டு பேருந்தில் ஏறினான்.

விளக்கு வைக்கும் நேரம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாகஜோதி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வீரபாண்டி அண்ணன் மடியில உக்காரவே மாட்டேன்னுட்டாண்ணே. தங்கம் மாமா எங்கன, தங்கம் மாமா எங்கனன்னு ஒரே அழுக. ஆசாரி நேரமாகுதுன்னாக. அமுக்கிப் பிடிச்சுத்தான் குத்துனோம்.”

“தோடு…”

“அது சரியா பத்தே முக்காலுக்கு வந்துருச்சு.”

மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருக்க, வீங்கிய காதுகளில் தோடு மின்ன, ஓவியா வந்து பெட்டியின் கைப்பிடியைத் தடவினாள். வால் இல்லை. மாமாவை அண்ணாந்து பார்த்தாள். பழைய விமானச் சீட்டு சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கட்ட ஒரு நொடி போதும். மொய் எழுதிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பிச்சைமணியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கப்பாண்டி குந்தி உட்கார்ந்து, கசங்கிய பேருந்துச் சீட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“பஸ்ஸு டிக்கெட்டுத்தா. மாமா எப்பவும் இதுலதான் வருவேன்.”

பிச்சைமணி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டார்.